விளக்கை அவசரப்பட்டுப் போடாதீர்கள்: ஃபிலிம் சொசைட்டி செயற்குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

செயற்குழு நண்பர்களுக்கு வணக்கம்.

சங்கத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும். மற்ற ஊர்களில் சங்கம் நடத்துகிறவர்களும் படிக்கட்டும் என்றுதான் தனிக்கடிதமாக அனுப்பாமல் மடலைத் திறந்து வைக்கிறேன். நான் கடைசி வரிசை ஆள். சந்தாவை ஒழுங்காகக் கட்டுவேன், கலந்துரையாடலில் வாயைத் திறக்க மாட்டேன், டீ வந்தால் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். பிழைப்பு கல்யாண வீடியோ எடிட்டிங். அந்தத் தொழிலுக்கும் இந்த மடலுக்கும் சம்பந்தம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

சில மாதங்களுக்கு முன் நீங்கள் ‘ஹவுஸ்’ போட்டீர்கள். நோபுஹிகோ ஓபயாஷி 1977இல் எடுத்த ஜப்பானியப் படம். வாட்ஸப்பில் வந்த அழைப்பிலேயே “வயிறு வலிக்கச் சிரிக்கலாம்” என்று போட்டிருந்தீர்கள். அறிமுகம் செய்த நண்பர், மூளையைக் கழற்றிச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு வரச் சொன்னார். கூட்டம் சொன்னபடி செய்தது. பியானோ ஒரு பெண்ணின் விரலைக் கடித்தபோது விசில், துண்டிக்கப்பட்ட தலை பறந்து வந்து தோழியின் பின்பக்கத்தைக் கவ்வியபோது கைதட்டல், வாத்தியார் வாழைப்பழக் குவியலாக மாறியபோது பக்கத்து நாற்காலிக்காரர் என் தொடையில் அடித்தே சிரித்தார். நானும்தான் சிரித்தேன். புகார் அதுவல்ல.

இரண்டு இடங்கள் மட்டும் இன்னும் தொண்டையில் முள்ளாக நிற்கின்றன.

முதலாவது, படத்தின் முன்பாதியில் வருவது. ஏழு பள்ளித் தோழிகள் கோடை விடுமுறைக்கு ஒருத்தியின் பெரியம்மா வீட்டுக்குப் போகிறார்கள். வழியில் அந்தப் பெரியம்மாவின் கதையை அவள் சொல்கிறாள். பழைய ஊமைப்படம் ஓடுவது மாதிரி அந்தக் கதை திரையில் ஓடுகிறது. பெரியம்மாவுக்கு நிச்சயம் ஆகிறது. மாப்பிள்ளை போருக்குப் போகிறான். திரும்பி வருகிறேன் என்கிறான், காத்திருக்கிறேன் என்கிறாள். அவன் வரவில்லை. படம் பார்க்கிற மாதிரியே தோழிகள் நடுநடுவே கமென்ட் அடித்துக்கொண்டு வருகிறார்கள், மாப்பிள்ளை எவ்வளவு அழகு என்று. போர் முடிகிற இடத்தில் அணுகுண்டின் காளான் மேகம் எழுகிறது. ஒருத்தி சொல்கிறாள்: பஞ்சு மிட்டாய் மாதிரி இருக்கு. ஹால் குலுங்கிச் சிரித்தது.

இரண்டாவது, படம் முடிகிற இடம். எல்லாம் அடங்கிய மறுநாள் காலை, வெயில், புல்வெளி, ஒரு பெண் கிமோனோவில் உட்கார்ந்திருக்கிறாள். அதற்குமேல் பெரியம்மாவின் குரல் மெதுவாகப் பேச ஆரம்பிக்கிறது. அந்தக் குரல் இரண்டு வாக்கியம் பேசியிருக்காது, டியூப் லைட்டுகள் எரிந்தன. வாட்ச்மேன் பூட்ட வேண்டுமாம். ஒலியைக் குறைத்துவிட்டு நன்றியுரையை ஆரம்பித்துவிட்டீர்கள். அந்தக் குரல் என்ன சொல்லிற்று என்று அன்றைக்கு வந்தவர்களில் யாருக்கும் தெரியாது.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதரின் மொத்த வாழ்க்கையும் இருக்கிறது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

நீங்கள் ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’யை எத்தனை முறை போட்டிருப்பீர்கள்? அதில் பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோவுக்குக் கிளம்புகிற வயதான தம்பதி எந்த ஊர் என்று நினைவிருக்கிறதா? ஓனோமிச்சி. ஹிரோஷிமா மாகாணத்தில் உள்நாட்டுக் கடலை ஒட்டி, மலைச்சரிவில் கல்படிகளும் கோயில்களுமாக ஏறிப்போகிற துறைமுக ஊர். 1938 ஜனவரி 9ஆம் தேதி ஓபயாஷி பிறந்தது அங்கேதான். அப்பா டாக்டர். போர் அவரை இழுத்துக்கொண்டு போய்விட, பையன் அம்மாவழித் தாத்தா பாட்டி வீட்டில் வளர்ந்தான். வீட்டில் ஒரு பொம்மை புரொஜெக்டர் கிடைத்தது. ஓட்டிப் பார்த்து அலுத்த ஃபிலிமைச் சுரண்டி, கட்டம் கட்டமாகத் தானே படம் வரைந்து ஓட்டினான். ஆறு வயதில் அப்படி வரைந்த, கார்ட்டூன் மாலுமி பாப்பாயின் கதையைத்தான் அவருடைய படப்பட்டியலில் முதல் படமாகப் போடுகிறார்கள். வருடம் 1944. அடுத்த வருடம் ஆகஸ்ட் 6ஆம் தேதி, அதே மாகாணத்தின் தலைநகர்மேல் குண்டு விழுந்தபோது அவருக்கு ஏழு வயது. சிறுவயது நண்பர்களை அந்தக் குண்டில் இழந்ததைச் சாகும்வரை பேட்டிகளில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆக, திரையில் அந்த மேகம் எழுவதைப் பஞ்சு மிட்டாய் என்று எழுதிய கை யாருடையது என்று பாருங்கள். விவரம் தெரியாத ஆள் அடித்த ஜோக் அல்ல அது. அந்த மேகத்தின் விலை தெரிந்தவர், விலை தெரியாத தலைமுறையின் வாயில் வைத்த வசனம். 1977இல் பதினாறு பதினேழு வயதுப் பெண்ணுக்குப் போர் என்பது அழகான மாப்பிள்ளை வருகிற பழைய படம், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பு வரும் என்று ஓபயாஷிக்குத் தெரியும். வர வேண்டும் என்றுதான் வைத்திருக்கிறார். சிரித்த பெண்கள் நேராக எங்கே போகிறார்கள்? காத்திருந்தே செத்துப்போன ஒருத்தியின் வீட்டுக்கு. அந்த வீடு அவர்களை ஒவ்வொருத்தியாகத் தின்கிறது. கல்யாணம் ஆகாத பெண்ணைத் தின்றால்தான் பெரியம்மா தன் முகூர்த்தப் புடவையை, அதாவது அந்த மணப்பெண் கிமோனோவை, மறுபடி உடுத்த முடியும். பேய்க்குப் பசி எதனால் என்று இவ்வளவு தெளிவாகச் சொன்ன பேய்ப்படம் எனக்குத் தெரிந்து குறைவு.

சரி, அப்படிப்பட்டவர் ஏன் இதை இப்படி வண்ணக் காகிதம் ஒட்டின மாதிரி எடுத்தார்? இந்த இடத்தில்தான் என் தொழில் வருகிறது.

நான் தொழிலுக்கு வந்தபோது விஎச்எஸ் காலம். பானாசோனிக் மிக்ஸரில் ஒரு பட்டனைத் தட்டினால் திரை இதய வடிவத்தில் திறக்கும். தாமரைக்குள் மணப்பெண் முகம், நிலாவுக்குள் மாப்பிள்ளை முகம், பின்னால் ஊட்டி. ப்ளூமேட்டில், அதாவது நீலத்திரைக்கு முன்னால், எடுத்து ஒட்டும்போது தலைமுடி ஓரம் பிசிறடிக்கும், நீலக்கோடு தெரியும். அந்த ஓரத்தை மறைக்க நான் விழித்த ராத்திரிகளுக்குக் கணக்கில்லை. இன்றைக்கு அந்தக் கேசட்டை எடுத்துப் போட்டால் அந்த வீட்டுப் பேரன்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அதனால் ‘ஹவுஸ்’ படத்தை முதலில் பார்த்தபோது எனக்குத் திக்கென்றது. நான் மறைக்கப் படாத பாடு பட்ட ஓரத்தை இந்த மனிதர் வேண்டுமென்றே காட்டுகிறார். வானம் பெயின்ட் அடித்த வானம் என்று பளிச்சென்று தெரிகிறது. வெட்டி ஒட்டின கை வெட்டி ஒட்டின கையாகவே பியானோமேல் ஆடுகிறது. கையாலாகாதவர் செய்த வேலையா இது? பத்து வருடத்துக்கும் மேலாக ஜப்பானிலேயே மிகப் பளபளப்பான விளம்பரப் படங்களை எடுத்தவர் அவர். சுத்தமாக ஒட்டத் தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை.

கதையைக் கொஞ்சம் பின்னால் ஓட்டுகிறேன். டாக்டர் படிப்பு வேண்டாம், சினிமா எடுக்கப் போகிறேன் என்று சொன்ன மகனுக்கு அப்பா கொடுத்து அனுப்பியது ஒரு 8 மி.மீ. கேமரா. 1956இல் டோக்கியோவின் செய்ஜோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார், படிப்பை முடிக்கவில்லை. அன்றைக்கு 8 மி.மீ. என்றால் வீட்டில் குழந்தை தவழ்வதை எடுக்கிற கருவி. அதில் சினிமா எடுத்து, கலைக்கூடங்களிலும் கல்லூரிகளிலும் திரையிட்ட சிறு கூட்டத்தில் அவர் ஒருவர். டகாஹிகோ ஈமுரா, ஜப்பானிய சினிமாவைப் பற்றி எழுதியே வாழ்ந்த அமெரிக்கர் டொனால்ட் ரிச்சி இவர்களெல்லாம் அந்த வட்டம். 1966இல் ‘எமோஷன்’ என்று 16 மி.மீ.யில் ஏறத்தாழ நாற்பது நிமிடப் படம் ஒன்று எடுத்தார். ரத்தக்காட்டேரிக் கதை. எமி என்ற பெண் கடலோர ஊரிலிருந்து நகரத்துக்கு வருகிறாள், சாரி என்று ஒரு தோழி, நடுவில் டிராகுலா. அசையாப் படங்கள், நிறமும் கறுப்புவெள்ளையும் மாறி மாறி, கண் சிமிட்டுவதற்குள் வெட்டு. ஜப்பான் முழுக்கப் பல்கலைக்கழகங்களில் அந்தப் படம் சுற்றியது. ‘ஹவுஸ்’ செய்கிற குறும்பெல்லாம் பதினொரு வருடம் முன்பே அதில் இருக்கிறது. அதுவும் ஸ்டுடியோக்காரன் காசு ஒரு பைசா இல்லாமல்.

விளம்பரக் கம்பெனிகள் இந்தப் பையன்களைக் கூப்பிட்டன. மற்ற சிலர் கலை கெட்டுவிடும் என்று தயங்க, ஓபயாஷி போனார். நம் ஊரிலும் இந்த வாக்குவாதம் உண்டு, கல்யாண வீடியோ எடுக்கிறவன் கலைஞனா என்று, அதை விடுங்கள். வாழ்நாளில் அவர் எடுத்த விளம்பரங்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். 1970இல் சார்லஸ் பிரான்ஸனை வைத்து ‘மேண்டம்’ என்ற ஆண்கள் அழகுப்பொருளுக்கு ஒன்று எடுத்தார். மீசைக்காரர் வீட்டுக்கு வருகிறார், சட்டையைக் கழற்றி எறிகிறார், வாசனைத் தண்ணீரை உடம்பெல்லாம் கொட்டிக்கொள்கிறார், தாடையைத் தடவி “ம்ம்ம், மேண்டம்” என்கிறார். ஜப்பானில் தெருவெல்லாம் தாடையைத் தடவினார்கள். விற்பனை போன போக்கில் கம்பெனியே தன் பழைய பெயரை விட்டுவிட்டு 1971இல் மேண்டம் என்று மாறிக்கொண்டது. கேதரின் டெனூவ், சோஃபியா லோரன், கிர்க் டக்ளஸ் எல்லாரும் அவர் விளம்பரங்களில் வந்தார்கள். விளம்பரத்தை அவர் ஊர்க்காசில் கிடைத்த பரிசோதனைக்கூடமாகத்தான் பார்த்தார். முப்பது நொடியில் எதையும் முயன்று பார்க்கலாம், அடுத்த வாரம் இன்னொன்று. எடிட்டராகச் சொல்கிறேன், அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

எழுபதுகளின் நடுவில் ஜப்பானிய ஸ்டுடியோக்கள் தள்ளாடிக்கொண்டிருந்தன. கூட்டம் டிவிக்கும் ஹாலிவுட்டுக்கும் போய்விட்டது. 1975இல் ‘ஜாஸ்’ என்ற ஹாலிவுட் சுறாப்படம் உலகத்தையே உலுக்கிய பிறகு, அதுபோல ஒன்று கிடைக்குமா என்று டோஹோ கம்பெனி ஓபயாஷியிடம் கேட்டது. அவர் யாரிடம் போய்க் கேட்டார் தெரியுமா? பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த தன் மகள் சிகுமியிடம். பெரியவர்களுக்குப் புரிகிற விஷயத்துக்குமேல் யோசிக்க வராது, குழந்தைகள்தான் விளக்கவே முடியாததைக் கொண்டுவருவார்கள் என்பது அவர் கட்சி. அந்தப் பெண் குளித்துவிட்டுக் கண்ணாடிமுன் தலை சீவிக்கொண்டிருந்தாளாம், கண்ணாடியிலிருக்கிற நான் என்னைத் தின்ன வந்தால் பயமாயிருக்கும் என்றாள். பியானோ பழகும்போது விரல் கட்டைகளுக்கு நடுவே மாட்டிக்கொள்கிற பயம். அடுக்கி வைத்த மெத்தைகள் மேலே சரிகிற பயம். தாத்தா வீட்டில் கிணற்றுக்குள் குளிரவிட்ட தர்பூசணியை மேலே இழுக்கும்போது அது தலை மாதிரி தெரிகிற பயம். எல்லாம் அப்படியே படத்தில் இருக்கிறது. டைட்டிலில் மூலக்கதை சிகுமி ஓபயாஷி என்றே போட்டார். குழந்தை சொன்னதை வாங்கிக்கொண்டு பெரியவர் பெயர் போடுவதுதான் உலக வழக்கம், அதனால் இதைக் குறிப்பிடுகிறேன்.

இப்போது அந்தப் பிசிறடித்த ஓரத்துக்கு வாருங்கள். ஒரு குழந்தையின் பயத்தைத் தத்ரூபமாகக் காட்டினால் அது பெரியவர்களின் பயமாகிவிடும். குழந்தை வரைந்த மாதிரியே இருந்தால்தான் குழந்தையின் பயம். தந்திரக் காட்சிகளை நிபுணர் கையில் கொடுக்காமல் தானே மேற்பார்த்துச் செய்ததற்கு அதுதான் காரணம். தாத்தா வீட்டில் ஃபிலிமைச் சுரண்டி வரைந்த பையனின் கையெழுத்து முப்பது வருடம் கழித்தும் மாறவில்லை. நான் ஒரு காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பெரியம்மா தர்பூசணி சாப்பிடுகிறாள், வாயைத் திறக்கிறாள், நாக்குக்கு மேலே ஒரு கண் உருண்டு ஒரு பெண்ணை மட்டும் பார்க்கிறது, வாய் மூடுகிறது. அவ்வளவுதான். ஒரு சத்தமில்லை, அலறலில்லை. மற்ற தோழிகள் பேசிக்கொண்டே சாப்பிடுகிறார்கள். விளம்பரத்தில் பத்து வருடம் அரை நொடியின் மதிப்பைப் படித்தவரால்தான் அந்த இடத்தில் வெட்ட முடியும். இன்னும் கால் நொடி விட்டிருந்தால் நகைச்சுவை, கால் நொடி முன்னால் வெட்டியிருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

திரைக்கதையை சிஹோ கட்சுரா எழுதினார். டோஹோவும் சரி என்றது. ஆனால் இரண்டு வருடம் படம் நகரவில்லை. கம்பெனி இயக்குநர்கள் யாரும் தொட மறுத்தார்கள், பெயர் கெட்டுவிடும் என்று. வெளியாளை இயக்குநராக உள்ளே விடும் வழக்கமும் அங்கே இல்லை. உதவியாளராகச் சேர்ந்து படிப்படியாக ஏற வேண்டும். ஓபயாஷி என்ன செய்தார்? படம் எடுப்பதற்கு முன்பே விளம்பரத்தை ஆரம்பித்தார். விசிட்டிங் கார்டில் படத்தின் பெயரைப் போட்டுக்கொடுத்தார். மங்கா என்கிற படக்கதை வந்தது, நாவல் வந்தது, வானொலி நாடகம் வந்தது, பாட்டு ரெக்கார்டும் வந்தது. எல்லாம் இல்லாத ஒரு படத்துக்கு! இளசுகள் எப்போது ரிலீஸ் என்று கேட்க ஆரம்பித்த பிறகு, கடைசியில் அவரையே எடுக்கச் சொன்னது கம்பெனி. புரிகிற படமாக எடுத்து எடுத்து நஷ்டப்பட்டாயிற்று, புரியாத ஒன்றையும்தான் பார்ப்போமே என்ற தொனியில் உள்ளே பேச்சு நடந்ததாக அவரே பின்னாளில் சொல்லிச் சிரிப்பார்.

1977 ஜூலை 30ஆம் தேதி ரிலீஸ். அன்றைய நட்சத்திரப் பாடகி மொமோயே யமகுச்சி நடித்த காதல் படம் ஒன்றோடு ஒரே டிக்கெட்டில் இரண்டு படமாகப் போட்டார்கள். அந்தக் காதல் படத்தின் நாயகன் தொமொகாசு மியூராதான் ‘ஹவுஸ்’ படத்தில் போருக்குப் போகிற அந்த மாப்பிள்ளை. பெண்பிள்ளைகள் அவரைப் பார்க்க வந்து இதில் மாட்டிக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். விமர்சகர்கள் கிழித்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். புதுமுக இயக்குநருக்கான ப்ளூ ரிப்பன் விருதும் அவருக்குக் கிடைத்தது. அமெரிக்காவுக்கு இந்தப் படம் ஒழுங்காகப் போய்ச் சேர 2009 வரை, முப்பது வருடத்துக்கும் மேல் ஆனது. நள்ளிரவுக் காட்சிகளில் பைத்தியக்காரப் படம் என்று கொண்டாடினார்கள். நீங்கள் அழைப்பில் எழுதியது அங்கிருந்து வந்த சரக்கு. வெளிநாட்டுக்காரன் வைத்த பட்டப்பெயரை நாம் அப்படியே சுமக்க வேண்டுமா என்பது என் தாழ்மையான கேள்வி.

அழைப்பில் ‘கல்ட் ஹாரர் இயக்குநர்’ என்றும் போட்டிருந்தீர்கள். அவர் தன்னை இயக்குநர் என்றே சொல்லிக்கொண்டதில்லை. இயக்குநர் என்பது கம்பெனி கொடுக்கிற உத்தியோகம், நான் ‘சினிமா எழுத்தாளன்’ என்பார். ஹாரர் என்று சொன்னாலும் கணக்கு உதைக்கும். 1982இல் சொந்த ஊரான ஓனோமிச்சியில், ஒரு பையனும் பெண்ணும் கோயில் படிக்கட்டில் உருண்டு விழுந்து உடம்பு மாறிக்கொள்கிற கதையை எடுத்தார். 1983இல் காலத்தைத் தாண்டுகிற பெண்ணின் கதை, 1985இல் ‘சபிஷின்போ’. மூன்றையும் ஓனோமிச்சி மூன்று என்பார்கள். அந்தப் படிக்கட்டைப் பார்க்க இன்றைக்கும் ஆட்கள் போகிறார்கள். ‘சபிஷின்போ’ அகிரா குரோசவாவுக்கு மிகவும் பிடித்துப்போன படம். பிறகு குரோசவா ‘ட்ரீம்ஸ்’ எடுத்தபோது அதன் தயாரிப்பைப் படம்பிடித்தது ஓபயாஷிதான். போரைத் தடுக்கும் வல்லமை சினிமாவுக்கு உண்டு, ஆனால் அதற்கு ஒரு ஆயுள் போதாது, நீங்கள் தொடருங்கள் என்று குரோசவா தன்னிடம் சொன்னதை, ஒப்படைக்கப்பட்ட கடன் மாதிரி ஓபயாஷி கடைசிவரை சொல்லிவந்தார்.

பேய் மட்டும் அவரை விடவில்லை. உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், 1988இல் வந்த ‘தி டிஸ்கார்னேட்ஸ்’ படத்தைப் பாருங்கள். தைச்சி யமடாவின் நாவல். நாற்பது வயது டிவி எழுத்தாளன், விவாகரத்து ஆனவன். பன்னிரண்டு வயதில் அப்பா அம்மாவை விபத்தில் பறிகொடுத்தவன். ஒருநாள் டோக்கியோவின் பழைய பேட்டையான அசகுசாவில் அப்பாவைப் பார்க்கிறான். செத்த வயதிலேயே இருக்கிறார், இவனைவிடச் சின்னவராக. வா வீட்டுக்கு என்கிறார். அங்கே அம்மா பீர் எடுத்து வைக்கிறாள், வேர்க்கிறதே சட்டையைக் கழற்று என்கிறாள். அடிக்கடி போகிறான். போகப் போக உடம்பு உருகுகிறது. கடைசியில் பிரிய முடிவெடுத்து அவர்களை சுகியாகி சாப்பிட அழைத்துப் போகிறான். அடுப்பில் இறைச்சி வெந்துகொண்டிருக்கிறது. சாப்பிடுங்கள், கொஞ்சமாவது சாப்பிடுங்கள் என்று மகன் கெஞ்சக் கெஞ்ச, எதிரில் இருப்பவர்கள் மங்கிக்கொண்டே போகிறார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்த இடம் வெறுமையாகிறது. நம் வீடுகளில் திதியன்று இலை போட்டு, காக்கைக்கு வைத்துவிட்டு, வரவில்லையே என்று மொட்டை மாடியில் நின்று பார்ப்போம் இல்லையா? எங்கள் அப்பா போன வருடம் நான் அப்படி நின்றிருக்கிறேன். அந்தக் காட்சியை என்னால் இரண்டாம் முறை முழுசாகப் பார்க்க முடியவில்லை.

‘ஹவுஸ்’ பேயும் இதே பேய்தான். சாப்பாடும் காத்திருப்பும். ஒன்றில் போனவர்கள் உயிரோடிருப்பவர்களைத் தின்கிறார்கள், இன்னொன்றில் உயிரோடிருப்பவன் போனவர்களுக்கு ஊட்ட முடியாமல் தவிக்கிறான்.

கடைசிக் காலத்தைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 2011 பூகம்பத்துக்கும் சுனாமிக்கும் பிறகு அவர் படங்கள் முழுக்கப் போரைப் பற்றியே ஆயின. 2012இல் ஒன்று, 2014இல் ஒன்று. மூன்றாவது ‘ஹனகடாமி’, கசுவோ டானின் 1937ஆம் வருட நாவல். ‘ஹவுஸ்’ படத்துக்கு முன்பே எடுக்க நினைத்து, நாற்பது வருடம் பெட்டியில் கிடந்த திரைக்கதை. 2016 ஆகஸ்டில் கராட்சு என்ற ஊரில் படப்பிடிப்பு தொடங்கும் வேளையில் நுரையீரல் புற்றுநோய், நான்காம் நிலை என்றார்கள். மூன்று மாதம் தாங்கும் என்றார்கள். அவர் எடுத்தார். எடிட் செய்தார். அது 2017இல் வந்தது. 169 நிமிடம், போருக்கு முந்தைய பையன்களும் பெண்களும், காசநோய்க்காரி ஒருத்தியின் ரத்தத்துளி பூவிதழாக விழுவதும், படைவீரர்கள் வயல்பொம்மைகளாக அணிவகுத்துப் போவதும். ப்ளூமேட் ஓரம்? எழுபத்தொன்பது வயதிலும் அப்படியே பிசிறடிக்கிறது! கடலும் நிலாவும் ஒட்டின கடல், ஒட்டின நிலா. ‘எமோஷன்’ எடுத்த இருபத்தெட்டு வயதுப் பையனேதான்.

அதோடும் நிற்கவில்லை. 2019இல் ‘லேபிரிந்த் ஆஃப் சினிமா’. சுமார் இருபது வருடம் கழித்து மறுபடி ஓனோமிச்சிக்கே போய் எடுத்தது. மூடப்போகிற ஒரு தியேட்டரில் கடைசி ராத்திரி விடிய விடிய போர்ப்படங்கள் ஓடுகின்றன. பார்த்துக்கொண்டிருந்த மூன்று இளைஞர்கள் திரைக்குள்ளேயே விழுந்துவிடுகிறார்கள். போர் போராகக் கடந்து, கடைசியில் ஹிரோஷிமாவில், அணுகுண்டில் மாண்ட சகுரா நாடகக்குழுவோடு போய்ச் சேர்கிறார்கள். படத்தை 2020 ஏப்ரல் 10ஆம் தேதி வெளியிடுவதாக இருந்தது. கொரோனாவால் தியேட்டர் மூடி, தேதி தள்ளிப்போனது. அதே ஏப்ரல் 10ஆம் தேதி ஓபயாஷி டோக்கியோவில் காலமானார். மூன்று மாதக் கெடு வாங்கியவர், மூன்றரை வருடத்துக்குமேல் இருந்து இரண்டு படங்களை முடித்துவிட்டுப் போனார். மாணவப் பருவத்திலிருந்தே கூட இருந்து அவர் படங்களைத் தயாரித்த மனைவி க்யோகோவைப் பற்றித் தனி மடலே எழுதலாம்.

இனி என் கோரிக்கை.

‘ஹவுஸ்’ படத்தை மறுபடி போடுங்கள், தனியாக அல்ல. ஒரு முழுநாள் கொடுங்கள். காலையில் ‘எமோஷன்’, அதன் பின்னாலேயே 88 நிமிட ‘ஹவுஸ்’, மதியம் சாப்பாட்டுக்கு முன் ‘டிஸ்கார்னேட்ஸ்’ (சாப்பாட்டுக்குப் பின் வைத்தால் சுகியாகி காட்சியில் கூட்டம் தூங்கிவிடும்), சாயங்காலம் ‘ஹனகடாமி’. மொத்தம் ஏழு மணி நேரத்துக்குள் வரும். முறைப்படி அனுமதி வாங்கும் வேலையை உங்கள் தலையில் கட்டுகிறேன், செலவில் என் பங்கைத் தருகிறேன். ஆகஸ்ட் 6ஆம் தேதிக்கு அடுத்து வருகிற ஞாயிறாக இருந்தால் நல்லது. தமிழ் சப்டைட்டில் ஒட்டும் வேலை என் கடையில் நடக்கட்டும், மொழிபெயர்க்க ஆள் பிடித்துக் கொடுங்கள். அறிமுகம் செய்யும் நண்பருக்கும் ஒரு வேண்டுகோள்: செருப்பை மட்டும் வாசலில் விடச் சொல்லுங்கள். படம் எடுத்தவர் ஹிரோஷிமாக்காரர், அந்தக் குண்டு விழுந்தபோது அவருக்கு ஏழு வயது என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுங்கள். அதற்குப் பிறகும் பஞ்சு மிட்டாய்க்குச் சிரிப்பு வந்தால் வரட்டும். அவர் வரவழைக்க நினைத்த சிரிப்புதான் அது.

நீங்கள் கேட்காமல் விட்ட அந்தக் குரலை நான் வீட்டில் போய்க் கேட்டேன். உடம்பு அழிந்தாலும் ஒருவர் இன்னொருவரின் மனதில் உயிரோடிருக்க முடியும், அதனால்தான் அன்பின் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது என்கிறாள் பெரியம்மா. ஆறு பெண்களைத் தின்று முடித்த பிறகு, அவ்வளவு சாந்தமாக. தேன் மாதிரி குரல். அதைக் கேட்டபோதுதான் எனக்கு முதன்முதலாக முதுகுத்தண்டு சில்லிட்டது. அதற்கு முன்னால் வந்த ஒன்றரை மணி நேரம் விளையாட்டு.

வாட்ச்மேன் அண்ணனிடம் நானே பேசிக்கொள்கிறேன், அரைமணி நேரம் கூட இருக்கச் சம்மதிப்பார். அன்றைக்குக் கடைசி வரிசையில் உட்காரவில்லை, சுவிட்ச் போர்டு பக்கத்தில் நிற்கிறேன்.

இப்படிக்கு,
கடைசி வரிசை உறுப்பினன்